கொலரில் ஒட்டிய டேப்

என் தம்பி ஒன்பதாம் தரத்தில் படிக்கிறான். பாடசாலை முடிந்ததும் றக்பி பயிற்சிக்குப் போகப் போவதாக அவன் சொன்னபோது உம்மா மூன்று காரணங்கள் சொல்லி மறுத்தார். கை கால் முறியும், படிப்புக் கெடும், அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தால் தொழுகை போய்விடும். முதல் இரண்டுக்கும் தம்பியிடம் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதற்கு அவன் கைத்தொலைபேசியை நீட்டினான். கைகளில் பச்சை குத்திய மிக உயரமான வீரர் ஒருவர் மைதானத்துப் புல்லில் மண்டியிட்டு, இரு கைகளையும் ஏந்தி துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருட புள்ள இவரு?" என்று கேட்டார் உம்மா.

அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அவர் பெயர் சொனி பில் வில்லியம்ஸ். 1985 ஆகஸ்ட் 3 ஆம் திகதி நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தவர். தந்தை ஜோன் சமோவா வம்சத்தவர். தாய் லீ வெள்ளை இனத்தவர். ஓர் அண்ணன், இரட்டையரான இரு தங்கைகள். அரசாங்கம் வாடகைக்குக் கொடுத்த வீட்டில், காசுக்குக் கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளைகள்.

சமோவா என்பது பசுபிக் கடலில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு தீவு நாடு. 1914 இல் ஜேர்மனியிடமிருந்து அதைக் கைப்பற்றிய நியூசிலாந்து, 1962 இல் சுதந்திரம் கிடைக்கும் வரை ஆண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூசிலாந்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. சமோவாக்காரர் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். 1970 களில் வேலை குறைந்ததும் அதே மக்களின் வீடுகளுக்குள் விடியற்காலையில் பொலிஸார் புகுந்து விசா முடிந்தவர்களைத் தேடினர். 1982 இல் லண்டனிலிருந்த கோமறை மன்றம், 1924 முதல் 1948 வரை சமோவாவில் பிறந்தவர்கள் நியூசிலாந்துப் பிரஜைகளே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே நியூசிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டது. உயிரோடு எஞ்சியிருந்த முதியவர்கள் அதை மீளப் பெறுவதற்கான வழி 2024 இல்தான் திறந்தது.

ஊவாவில் வாழும் நமக்கு இந்தக் கதை புதிதல்ல. வேலைக்கு அழைத்து வரப்பட்ட மக்கள், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், நாடற்றோர் என்ற பட்டம். நமது தோட்டத்துத் தோழிகள் தங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு வளர்ந்த அதே கதை வேறொரு கடலிலும் நடந்திருக்கிறது.

அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து வரச் சமோவாப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஏணிகளில் ஒன்று றக்பி. 1991 ஒக்டோபரில், உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாக வந்த மேற்குச் சமோவா அணி, வேல்ஸை அதன் சொந்த மண்ணான கார்டிஃபில் 16–13 என்று தோற்கடித்தது. ஆனால் றக்பி யூனியன் விளையாட்டு 1995 ஆகஸ்ட் வரை சம்பளம் இல்லாத ஆட்டமாகவே இருந்தது. காசு உள்ளவன் ஆடுவான். இல்லாதவன் பகலில் வேலை செய்து மாலையில் ஆடுவான். நமது பகுதியில் நடந்ததும் இதுதான். ஊவா, டிம்புள்ள, டிக்கோயா என்று தேயிலை மாவட்டங்களின் பெயரிலேயே இங்கு றக்பி அணிகள் இருந்தன. ஆடியவர்கள் துரைமார். கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

1995 க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. வீரரின் உடலுக்கு விலை வந்தது. பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் கழகங்கள் பசுபிக் தீவுகளின் இளைஞர்களைத் தேடிப் போயின. கிடைக்கும் ஊதியத்தில் ஒரு பங்கு ஊரில் உள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் தேவாலயத்துக்கும் போகும். நமது ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன தாய்மாரும் சகோதரரும் அனுப்பும் பணத்தில் எத்தனை வீடுகள் எழும்பியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதே கணக்குத்தான். ஒரு வித்தியாசம்: றக்பி வீரரின் தொழில் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும், முழங்கால் கெட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

சொனி பில் முதலில் ஆடியது றக்பி யூனியன் அல்ல, றக்பி லீக். இரண்டும் ஒரே குடும்பத்து விளையாட்டுகள். யூனியனில் பக்கத்துக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். இரண்டிலும் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் பிடித்து வீழ்த்துவார்கள். வீழ்த்தப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கும்போதே, ஒற்றைக் கையால் பந்தைப் பக்கத்துத் தோழனுக்குத் தட்டிவிடுவது சொனி பில்லின் தனித்திறமை. அதற்கு 'ஒஃப்லோட்' என்று பெயர். தம்பி அதை வீட்டில் தலையணையை வைத்துப் பழகுகிறான்.

பாடசாலைப் பருவத்திலேயே சிட்னி நகருக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், 2004 இல் பதினெட்டு வயதில் புல்டோக்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கி, அதே ஆண்டில் சம்பியன் பட்டமும் வென்றார். பணமும் புகழும் ஒன்றாக வந்தன. கூடவே மதுவும் போதையும் வந்தன என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2007 இல் அந்தக் கழகத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம் எழுதினார். 2008 ஜூலையில், சக வீரர்களுக்குக் கூடச் சொல்லாமல் விமானம் ஏறி, பிரான்ஸின் துலோன் கழகத்தில் சேர்ந்துகொண்டார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஏழரை இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அளவில் கொடுத்தே அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட முடிந்தது.

இந்த இடத்தில் உம்மா முகம் சுளித்தார். கொடுத்த வாக்கை மீறியவரை எப்படி நல்ல உதாரணமாகக் காட்டுவது? உம்மா கேட்டது சரி. அவர் செய்தது பிழைதான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

துலோன் மத்தியதரைக் கடலோர நகரம். வட ஆபிரிக்க முஸ்லிம்கள் பலர் வாழும் இடம். அங்கு ஒரு தூனிசியக் குடும்பத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. சிறிய வீட்டில் பெரிய குடும்பம். கையில் அதிகம் இல்லை. ஆனாலும் வீட்டில் நிம்மதி இருந்தது. எல்லாம் இருந்த தன்னிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருப்பதை அவர் கண்டார். 2009 இல் இஸ்லாத்தைத் தழுவினார்.

அடுத்த ஆண்டு நியூசிலாந்து திரும்பி, 2010 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தேசிய அணியின் கறுப்பு ஜேர்சியை முதன்முதலாக அணிந்தார். அவ்வணியில் ஆடிய முதல் முஸ்லிம் அவர் என்றே பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 2011, 2015 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களையும் வென்ற அணிகளில் இருந்தார். 2015 இறுதிப் போட்டி முடிந்து வெற்றி வலம் வந்தபோது, மைதானத்துக்குள் ஓடிவந்த ஒரு சிறுவனைக் காவலாளி கீழே தள்ளி வீழ்த்தினார். சொனி பில் அச்சிறுவனைத் தூக்கி, அவனது குடும்பத்தாரிடம் அழைத்துச் சென்று, தன் தங்கப் பதக்கத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார். இடையிடையே லீக்குக்குத் திரும்பி 2013 இல் சிட்னியில் இன்னொரு பட்டம், குத்துச்சண்டையில் நியூசிலாந்தின் அதிபார எடைப் பட்டம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவரும் தங்கை நியாலும் எழுவர் றக்பி ஆடினார்கள். அண்ணன் முதல் போட்டியிலேயே குதிகால் தசைநார் கிழிந்து வெளியேறினார். தங்கை வெள்ளிப் பதக்கத்தோடு வீடு திரும்பினார். இதைப் பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதாமல் விடலாமா?

அந்தக் காயத்திலிருந்து குணமாகி 2017 ஏப்ரலில் புளூஸ் கழகத்துக்காக மீண்டும் களமிறங்கினார். கமராக்கள் அவரது ஆட்டத்தைவிடக் கொலரையே பார்த்தன. கொலரில் அச்சிடப்பட்டிருந்த வங்கியின் சின்னத்தின் மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். வட்டி மார்க்கத்தில் ஹராம். அதை விளம்பரப்படுத்தும் பலகையாக என் உடல் இருக்க முடியாது. இதுவே அவர் நிலைப்பாட்டின் சாரம். மது, சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரங்களையும் இதே காரணத்துக்காக மறுத்தார்.

விளையாட்டுக் கழகங்கள் வாழ்வதே அனுசரணையில்தான். ஜேர்சியின் மார்பு, முதுகு, கொலர் என்று ஒவ்வோர் அங்குலமும் விற்கப்படுகிறது. அந்தப் பணத்திலிருந்துதான் வீரருக்குச் சம்பளம். சம்பளம் வேண்டும், சின்னம் வேண்டாமா என்று பலர் கேலி செய்தனர். தேசிய அணியின் ஜேர்சியில் காப்புறுதி நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஆடினாரே, அது மட்டும் ஆகுமா என்றும் கேட்டனர். அர்த்தமில்லாத கேள்விகள் அல்ல அவை. எனக்கும் ஒரு கேள்வி உண்டு: எதிராளியின் முகத்தில் அடிக்கும் குத்துச்சண்டையை மார்க்கத்தோடு எப்படிப் பொருத்துவது? அவரோ தன்னை முழுமையானவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மார்க்கத்தை மேலும் மேலும் கற்கும்போது, முன்பு இலகுவாகச் செய்தவற்றை இப்போது செய்ய மனம் வருவதில்லை என்றே விளக்கினார்.

நியூசிலாந்து றக்பி சபை அதை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவமும் அல்ல. மைக்கல் ஜோன்ஸ் என்ற, இதே சமோவா வம்சத்து வீரர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை என்று 1991 உலகக் கிண்ணத்தின் அரையிறுதியைக் கூடத் தவிர்த்தார். 1995 அணியில் இடமே கிடைக்காமல் போனது. கிரிக்கெட்டில் தென்னாபிரிக்காவின் ஹாஷிம் அம்லா மதுபானச் சின்னம் இல்லாத ஜேர்சியுடன் ஆடியதை நமது வாப்பாமாருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 2008 இல் ஒப்பந்தத்தைப் பிடிக்காதபோது ஓடிப்போனவர், 2017 இல் ஓடவில்லை. தன் அணிக்காக ஆடினார். ஆடிக்கொண்டே, என் உழைப்பு உங்களுக்கு, இது மட்டும் விலைக்கு இல்லை என்றார். அதன் பின் சபையோடு பேசி, எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டார். தொழிலுக்குப் போகும் எவரும், ஆசிரியையோ தாதியோ கணக்காளரோ, ஏதோ ஒரு நாள் இந்த இடத்தில் நிற்க வேண்டி வரும்.

2019 மார்ச் 15 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 51 பேர் ஷஹீதானார்கள். சொனி பில் வாழ்ந்து ஆடிய நகரம் அது. கண்ணீரோடு அவர் பேசிய சிறு வீடியோவை உலகமே பார்த்தது. பின்னர் அங்கு சென்று காயமுற்றோரை வைத்தியசாலையில் சந்தித்தார். அவரோடு சென்றவர் சக வீரர் ஓஃபா டுங்காஃபாசி, தொங்கா வம்சத்தவர். சில நாட்களில் ஓஃபாவும், சொனி பில்லின் தாய் லீயும் கலிமாச் சொல்லி இஸ்லாத்தை ஏற்றனர்.

தேசிய அணிக்காக 58 டெஸ்ட் போட்டிகள் ஆடிய அவர் 2019 இறுதியில் பெருந்தொகைக்குக் கனடாவின் டொரொண்டோ லீக் கழகத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் கொவிட் வந்தது. அந்தக் கழகம் பணமின்றிப் போட்டிகளிலிருந்தே விலகிவிட்டது. இம்முறை ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியாமற்போனது கழகத்தால். 2021 மார்ச்சில் 35 வயதில் ஓய்வை அறிவித்தார்.

இவ்வளவையும் நான் வாசித்துக் காட்டியபோது, கிண்ணம், கோடி என்று வந்த இடங்களில் உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். தாய் கலிமாச் சொன்ன இடம் வந்ததும் சுளகைக் கீழே வைத்தார். "திருப்பி வாசிங்க மகள்" என்றார்.

தம்பி இப்போது வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறான். அஸர் தொழுதுவிட்டுத்தான் மைதானத்துக்குள் இறங்க வேண்டும் என்பது உம்மாவின் ஒப்பந்தம். போன மாதம் அவர்களது அணிக்குப் புதிய ஜேர்சி கிடைத்தது. தோய்ப்பதற்கு முன் உம்மா அதை வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, கொலரையும் மடித்துப் பார்த்தார். முதுகில் ஓர் இரும்புக் கடையின் பெயர் மட்டும் இருந்தது.