பழகிய கட்டளைகள், புதிய இயங்குதளம்

2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நின்றன. அதன் பின்னர், கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை போன்ற குடியிருப்புகளில் வாழும் தமிழ் இளைஞர் பலருக்கு வேலை என்பது பெங்களூருக்குச் செல்லும் ரயில் பயணமாகவே அமைந்துவிட்டது. அவர்களுள் கணிப்பொறித் துறையை நாடுவோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. வீட்டில் பழகுவது பெரும்பாலும் விண்டோஸ். பணியிடத்துச் சேவையகங்களில் இயங்குவதோ பெரும்பாலும் லினக்ஸ். இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பது எங்ஙனம் என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். ஒவ்வொரு கருவியும் ஒரு வேலையை மட்டும் செய்யும். ஒன்றின் விளைவை மற்றொன்றுக்கு அனுப்பும் 'குழாய்' 1973-இல் சேர்ந்தது. சொல்லைத் தேடும் 'கிரெப்', வரிசைப்படுத்தும் 'சார்ட்', எண்ணிக்கை கூறும் 'டபிள்யூ-சி' ஆகியவற்றை இவ்வாறு இணைத்தால், ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியலையும் நொடிப்பொழுதில் ஆராயலாம்.

இக்கருவிகளை விண்டோஸில் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. 1995-இல் தொடங்கிய சிக்வின் திட்டம், அக்கருவிகளை விண்டோஸுக்கென மறுபடி தொகுத்துத் தருகிறது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே லினக்ஸ் நிரல்களை மாற்றமின்றி இயக்கும் துணை அமைப்பை வெளியிட்டது. 2019-இல் அறிவித்த அதன் இரண்டாம் வடிவில் லினக்ஸின் உட்கருவே இயங்குகிறது. தனிக் கணிப்பொறி வாங்க இயலாத மாணவருக்கு இது பெரும் வாய்ப்பு எனலாம்.

எனினும், பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென எண்ணலாகாது. யூனிக்ஸில் 'ஃபைண்ட்' கோப்புகளைத் தேடும். விண்டோஸின் 'ஃபைண்ட்' கோப்பினுள் சொல்லைத் தேடும். வரியின் முடிவைக் குறிக்க விண்டோஸ் மரபில் இரு குறிகள், யூனிக்ஸில் ஒன்று. ஆகவே, விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸில் இயக்கினால், கண்ணுக்குத் தெரியாத அந்த மிகைக் குறியினால் அது நின்றுவிடக்கூடும். 'டாஸ்-டு-யூனிக்ஸ்' என்னும் சிறு கருவி அக்குறியை நீக்கும். புதியவர் பலர் மணிக்கணக்கில் திகைப்பது இவ்விடத்திலேதான்.

தமிழில் பணியாற்றுவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'கோலார்' என்பதில் நம் கணக்குப்படி எழுத்துகள் மூன்று. யூனிகோடு குறியீட்டிலோ மெய், உயிர்க்குறி, புள்ளி எனப் பிரிந்து ஆறு. யூ-டி-எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால் பதினெட்டு. 'டபிள்யூ-சி' கருவியிடம் பைட்டுகளைக் கேட்டால் பதினெட்டு என்றும், குறியீடுகளைக் கேட்டால் ஆறு என்றும் விடை கிடைக்கும். மூன்று என்று ஒருபோதும் கூறாது. (வரிமுடிவுக் குறி இருப்பின் ஒன்று கூடும்.) விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இத்தனை எழுத்து என வரம்பிடும் அலுவலர், எந்தக் கணக்கு என்பதைத் தெளிவுபடுத்தாவிடில் நீண்ட தமிழ்ப் பெயர்கள் நடுவே வெட்டுப்படும்.

அகரவரிசையும் அத்தகையதே. யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரம் வருகிறது. ழகரத்திற்குப் பின்னரே வகரம். நம் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய். வகரம் ழகரத்திற்கு முன்னது. மொழி அமைவைக் குறிப்பிடாமல் வெறும் குறியீட்டு வரிசையில் 'சார்ட்' கருவியை இயக்கினால், வள்ளியம்மாளின் பெயர் ஷண்முகத்திற்கு முன் நின்றாலும், சொல்லின் இடையே ன, ற வரும் பெயர்கள் இடம் மாறிப்போகும். ஒரு கணிப்பொறியில் ஆயத்தம் செய்த பயனாளிகள் பட்டியல் மற்றொன்றில் வேறு வரிசையில் தோன்றினால், முதலில் ஆராய வேண்டியது இரண்டிலும் உள்ள மொழி அமைவையே.