இரும்பை அரிக்கும் புளிச்ச தண்ணீர்: பிளாஸ்டிக் பைப் எதுவரை தாங்கும்?

கள்ளக்குறிச்சி:-

கல்வராயன்மலையிலும் அடிவார கிராமங்களிலும் விளையும் மரவள்ளிக்கிழங்கு சின்னசேலம், ஆத்தூர் பக்கம் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாக போகிறது. அங்கு கிழங்கை அரைத்து, பாலை தொட்டியில் தெளிய விடுவார்கள். மாவு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை திறந்து விடுவார்கள். அந்த தண்ணீர்தான் இரும்பு குழாய்க்கு எமன்.

தண்ணீர் சீக்கிரமே புளித்துவிடும். ஆலை பக்கம் போனாலே மூக்கை துளைக்கும் வாடைக்கு அந்த புளிப்பும் ஒரு காரணம். புளிப்பு என்றால் அமிலம். அது இரும்பை கொஞ்சம் கொஞ்சமாக கரைத்து பொத்தல் போட்டுவிடும். பி.வி.சி. பைப்பிலும், கறுப்பு நிற எச்.டி.பி.இ. பைப்பிலும் அதன் ஜம்பம் பலிக்காது.

அப்படியானால் எல்லா இடத்திலும் பிளாஸ்டிக்கையே போட்டுவிடலாமே? அங்கேதான் ஆபத்து.

முதல் எதிரி சூடு. பி.வி.சி.க்கு 60 டிகிரிதான் எல்லை. அந்த சூட்டில், வழக்கமாக தாங்கும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்த மாவட்டம் இது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாறை 70 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். சாறு காய்ச்சும் கலன்களில் படியும் கறையை எடுக்க காஸ்டிக் சோடாவை கொதிக்க விடுவதும் உண்டு. ஆறிய காஸ்டிக் சோடாவுக்கு பி.வி.சி. அசையாது. கொதிக்கும்போது விட்டால் பைப் தொய்ந்து, ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும். சி.பி.வி.சி. என்றால் 93 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

கந்தக அமிலத்தின் கதை தலைகீழ். 98 சதவீத அமிலத்தை இரும்பு டேங்கிலேயே வைக்கிறார்கள். ஆனால் தண்ணீர் கலந்துவிட்டால் அதே அமிலம் இரும்பை தின்றுவிடும். நீர்த்த அமிலத்துக்கு அசராத எச்.டி.பி.இ. பைப்போ, 98 சதவீதத்தில் நாளடைவில் கெட்டுப்போகும்.

தின்னர், அசிட்டோன் போன்றவை பி.வி.சி.யை கரைத்துவிடும். பைப்பை ஒட்டும் சொலூஷன் வேலை செய்வதே அப்படித்தான். அது இரண்டு பைப்பின் மேல்தோலையும் கரைத்து ஒன்றாக்குகிறது.

இன்னொன்று உயிர் போகிற விஷயம். பிளீச்சிங் தண்ணீர் போன பைப்பில் கழுவாமல் அமிலத்தை விட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறை என்றால் தப்பிப்பது கஷ்டம். பைப் நல்ல பைப்தான், ஆனாலும் ஆள் காலி.

எனவே ஜாயிண்டை கழற்றும் முன் வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கி, உள்ளே தண்ணீர் விட்டு அலச வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கை வைக்கக்கூடாது. அமிலம் தெறித்துவிட்டால் துணியால் துடைக்கக்கூடாது. நனைந்த சட்டையை கழற்றிவிட்டு, 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே ஆஸ்பத்திரிக்கு கிளம்ப வேண்டும். எந்த அமிலம் என்று டாக்டரிடம் சொல்ல, கேனில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள பெயரை குறித்துக்கொண்டு போவது நல்லது.