நீரின் நினைவில் யாருடைய கை?

ஈஷா அறக்கட்டளையின் நிறுவனர் ஜக்கி வாசுதேவ் பல ஆண்டுகளாக மேடைகளிலும் எழுத்துகளிலும் ஒரு கருத்தை முன்வைத்து வருகிறார். தண்ணீருக்கு நினைவாற்றல் உண்டாம். தன்னைத் தொட்டதையும் தன்னருகே எழும் எண்ணங்களையும் அது பதிந்து வைத்துக்கொள்ளுமாம். மோட்டாரால் உந்தப்பட்டுக் குழாய் வளைவுகளில் திரும்பித் திரும்பி வரும் நீர் நஞ்சாகத் தொடங்குமாம். இவற்றை அவர் தம் நம்பிக்கையாகச் சொல்லியிருந்தால் நமக்கு வழக்கில்லை. அறிவியல் கண்டறிந்தவை என்று சொல்கிறார். ஆகவே அறிவியலின் முறைப்படியே கேட்போம்.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. நினைவு என்ற ஒன்று தங்க வேண்டுமானால் இந்தக் கோப்பில்தான் தங்க வேண்டும். ஆனால் அப்பிணைப்புகள் இடையறாது அறுந்து, வேறு மூலக்கூறுகளுடன் புதிதாகச் சேர்கின்றன. நீரின் பிணைப்பு வலை தன் முந்தைய அமைப்பின் சுவட்டை 50 ஃபெம்டோ நொடிக்குள் இழந்துவிடுவதை, 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு கையின் தொடுகையைக் குவளை வாயருகே வரும்வரை சுமந்திருக்க இந்த நினைவால் இயலாது.

'விஞ்ஞானம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை' என்பது வழக்கமான மறுமொழி. போய்ப் பார்த்துத்தான் திரும்பியது. பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பென்வெனிஸ்த், ஓர் எதிர்ப்பொருளை அதன் மூலக்கூறு ஒன்றுகூட எஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்தபின்னும் இரத்த அணுக்கள் அதற்கு எதிர்வினை காட்டுவதாக 1988இல் அறிவித்தார். ஆய்வகத்தை நேரில் சோதிக்க இசைய வேண்டும் என்ற நிபந்தனையுடன் 'நேச்சர்' அதை வெளியிட்டது. இதழாசிரியர் ஜான் மடாக்ஸ் இருவருடன் பாரிஸ் அருகிலுள்ள அந்த ஆய்வகத்துக்கே சென்றார்; அவ்விருவரில் ஒருவர் ஜேம்ஸ் ராண்டி என்னும் மேடை மாயவித்தைக்காரர்! எந்தக் குழாயில் எது உள்ளது என்ற குறிப்பை உறையிலிட்டுக் கூரையில் ஒட்டிவைத்துவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். எண்ணுபவருக்கு விடை தெரியாத நிலையில் அந்த விளைவு மறைந்துபோனது.

செப்புப் பாத்திரத்தைப் பற்றி அவர் சொல்வதில் மட்டும் ஓர் உண்மை உண்டு. செம்பில் பல மணிநேரம் வைத்த நீரில் நோய்க்கிருமிகள் அழிவது ஆய்வுகளில் தெளிந்த செய்தி. அதற்குக் காரணம் நீரில் கரையும் செப்பு அயனிகள். நினைவுக்கு அங்கே வேலை இல்லை. இப்படிப்பட்ட ஒரு மெய்யின் தோளில்தான் மற்றவை ஏறி நிற்கின்றன.

இது வெறும் வேதியியல் பிழையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். கண்டவர் கையால் நீரோ உணவோ வாங்காதே, அன்பும் அக்கறையும் உள்ளவர்களிடமே வாங்கு என்று பாட்டி சொன்னதற்கு இந்த நினைவுக் கோட்பாட்டையே அவர் விளக்கமாக்குகிறார். அவர் சாதியைக் குறிப்பிடவில்லை. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் 'யார் கையால்' என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. பள்ளியில் தாகமெடுத்தால் அம்பேத்கர் தாமே குழாயைத் திறக்க முடியாது. பியூன் வந்து திறக்க வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அவரும் தோழர்களும் சவதார் குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினர். கால்நடைகளும் பிற மதத்தவரும் குடித்துவந்த குளம் அது. 'தீட்டு'க் கழிக்கச் சாதி இந்துக்கள் அதில் 108 பானை சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றினர். அக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமையை நீதிமன்றத்தில் உறுதிசெய்ய 1937 வரை ஆனது. தொட்டவரின் தன்மை நீரில் தங்கும் என்பதுதான் அப்பானைகளுக்குப் பின்னிருந்த கோட்பாடு. அதற்கு இப்போது ஆய்வக அங்கி அணிவிக்கப்படுகிறது.

குழாய் நீர் மீதான குற்றச்சாட்டையும் இதனுடன் சேர்த்தே படிக்கிறோம். கிணற்று மேட்டில் ஏறக்கூடாது, மேலிருந்து யாரேனும் ஊற்றும்வரை குடத்துடன் காத்திருக்க வேண்டும் என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு, எவர் கையையும் எதிர்பாராமல் சேரிக்குள் வந்த தெருக்குழாய் சிறிய செய்தியல்ல. அந்நீரில் கவலைப்பட வேண்டியவை கிருமி, ஃபுளோரைடு, கழிவுநீர்க் கசிவு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் கலந்திருந்தது மலம். குழாயின் வளைவால் வந்த நஞ்சு அன்று.

கல்லூரி மாணவர்கள் தம் வேதியியல் ஆய்வகத்திலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே மாதிரியான 20 குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் அன்புக்குரியவர் நீர் ஊற்றட்டும், பத்தில் முன்பின் அறியாதவர். மூன்றாமவர் எண்ணிட்டு இடம் மாற்றிக் குறிப்பை உறையில் பூட்டட்டும். நீரின் நினைவை உணர முடியும் என்பவர் அவற்றைப் பிரித்துக் காட்டட்டும். கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலே பத்துக்குப் பக்கமாகச் சரியாக வரும். 17, 18 சரியாக வந்து, திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தால் தெரிவியுங்கள். அதையும் இதே பகுதியில் வெளியிடுவோம்.