ரீஃப் டேங்கில் நைட்ரேட் 'ஜீரோ' வந்தா சந்தோஷப்படலாமா?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் நைட்ரேட், பாஸ்பேட் என்ற இரண்டு வார்த்தைகள் வந்துவிடும். புதிதாக ஆரம்பித்தவர் என்றால், இரண்டையும் ஜீரோவுக்குக் கொண்டுவருவதுதான் தன் லட்சியம் என்பார். சிக்கலே அங்கேதான். இரண்டும் ஜீரோ ஆன தொட்டியில் பவளங்கள் வெளுத்துப்போவதும், பாறை மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஏதோ படர்வதும் இந்த ஹாபியில் சகஜம்.

இதெல்லாம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் நாம் போடும் தீனியில் இருந்துதான். மீன் சாப்பிட்டது கழிவாகிறது, சாப்பிடாதது அழுகுகிறது. இரண்டிலும் அம்மோனியா வருகிறது. பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா கொடிய விஷம், நைட்ரேட் அவ்வளவு இல்லை. ஆனால் மூடிய தொட்டியில் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். பாஸ்பேட்டும் அதே தீனியில்தான் வருகிறது.

இன்னொரு வாசல், நாம் ஊற்றும் தண்ணீர். போர்வெல், டேங்கர் தண்ணீரில் நைட்ரேட்டும் வேறு உப்புகளும் என்ன அளவில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. 'அதான் கிச்சன்ல ஆர்ஓ இருக்கே' என்பீர்கள். குடிக்கும் தண்ணீருக்கான பல ஆர்ஓ மெஷின்கள் ருசிக்காகக் கொஞ்சம் தாது உப்பைத் திரும்பக் கலக்கின்றன. ரீஃப் டேங்குக்கு ஆர்ஓவுக்குப் பிறகு டிஐ ரெசின் வழியாகவும் போய், டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீர் வேண்டும். கடல் உப்பை அதில்தான் கலக்க வேண்டும்.

கடலில் குறைவுதானே, தொட்டியில் மட்டும் ஏன் கூடாது?

நியாயமான கேள்வி. பவளத்திட்டுகளைச் சுற்றியுள்ள கடல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிக மிகக் குறைவு. ஆனால் அங்கே அலையும் நீரோட்டமும் இரவு பகலாக மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. தட்டில் மிச்சம் இல்லை என்பதற்காகச் சமையலே நடக்கவில்லை என்று அர்த்தமில்லையே! நம் தொட்டியில் அந்த ஓயாத விருந்து கிடையாது.

பவளத்தின் திசுவுக்குள் ஸூக்ஸாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்கு முக்கிய ஆகாரம். அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவை. கிடைக்காவிட்டால் பவளம் வெளிறி, மெலிந்துபோகும். அதிகமானால் பாசி பெருகி, பவளத்தின் வண்ணம் மங்கிப் பழுப்பாகும். பாஸ்பேட் ரொம்பக் கூடினால் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வேகமும் குறையும்.

அப்போ எவ்வளவு இருக்கணும்? நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்பது அனுபவஸ்தர்கள் பலரும் பின்பற்றும் வரம்பு. இதைவிடக் கூடுதலாக இருந்தும் செழிப்பாக இருக்கும் தொட்டிகள் உண்டு. எண்ணைவிட, அது வாரத்துக்கு வாரம் தாவாமல் இருப்பதே பெரிய விஷயம். ஒரு சின்ன எச்சரிக்கை: சில டிஜிட்டல் செக்கர்கள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை பிபிபி கணக்கில் காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.06 பிபிஎம். பயப்பட ஒன்றும் இல்லை.

வாராவாரம் தண்ணி மாத்தினா போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நைட்ரேட் 40 இருக்கிறது, வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். முதல் வாரம் 32, அடுத்து 25.6 என்று அழகாக இறங்கும். ஆனால் தீனி நிற்கவில்லையே! வாரத்துக்கு 5 பிபிஎம் புதிதாகச் சேர்கிறது என்றால், எத்தனை மாதம் மாற்றினாலும் 20க்குக் கீழே போகாது. 20 இருந்தது வாரக் கடைசியில் 25 ஆகும், மாற்றியதும் மறுபடி 20. வரவைக் குறைக்காமல் வாளி வாளியாகத் தூக்குவதில் முதுகுவலிதான் மிச்சம்.

அதனால்தான் புரோட்டீன் ஸ்கிம்மர். கழிவு நைட்ரேட்டாக மாறும் முன்பே நுரையாக வெளியே தள்ளிவிடும். சம்ப்பில் ஒரு பகுதியில் விளக்கு போட்டு கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து, மாதாமாதம் ஒரு கை அறுத்து எடுப்பது இன்னொரு வழி. பணம் குறைவு, ஆபத்தும் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பாஸ்பேட் கொஞ்சம் தந்திரக்காரன். சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு போட்டு நீரில் குறைத்தால், சில நாளில் பாறை மறுபடி கக்கும். 'மீடியா வேலை செய்யல' என்று இரண்டு மடங்கு கொட்டக் கூடாது. அளவு தடாலென்று இறங்கினால் அடி வாங்குவது பவளம்தான்.

வோட்கா ஊற்றுவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். வோட்காவிலோ வினிகரிலோ உள்ள கார்பனைச் சாப்பிட்டுப் பாக்டீரியா பெருகும், கூடவே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியேற்றும். அளவு மில்லி லிட்டரில். கூடிப்போனால் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, ஆக்சிஜன் சரிந்து, விடியும்போது மீன்கள் மிதக்கும். நள்ளிரவில் கரண்ட் போய் பம்பும் ஸ்கிம்மரும் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரி ஏர் பம்ப் இல்லாத வீட்டில் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே ஜீரோ ஆகிவிட்டதா? குமிழியோடு கூடிய அந்தப் பழுப்புச் சளி பெரும்பாலும் டைனோஃப்ளாஜெல்லேட். போட்டி பாசிகள் பட்டினியில் சாகும்போது இது கொடி நாட்டும். சில வகைகள் நத்தைகளைக் கொன்றுவிடும். ஜிஎஃப்ஓவை எடுங்கள், தீனியைக் கூட்டுங்கள், தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கடைசியாக, கடையில் காசு கொடுக்கும் முன் ஒரு விஷயம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை. நம்ம மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்த காய்ந்த பவளக் கல்லும் விதிவிலக்கல்ல. க்ளவுன் மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பொரித்ததைக் கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்க்கும் தொழில்நுட்பத்தை எப்போதோ உருவாக்கிவிட்டது.