கடைக்கு நெட்வொர்க் காவல்: விலையைக் கேட்கும் முன் எண்ணிக்கையைக் கேளுங்கள்

கடந்த தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, கிள்ளானில் உள்ள மாமாவின் மளிகைக் கடையில் இரண்டு மணி நேரம் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. கியூஆர் கட்டணமும் ஏறவில்லை. கூடை நிறைய சாமான் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் பலர், கையில் ரொக்கம் இல்லாததால் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாமா அந்த நேரம் பந்திங் கடையில் இருந்தார். கல்லாவில் நின்ற பிள்ளைகள் வங்கியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தால், பின்னறையில் இருந்த ரவுட்டர் நின்றுபோயிருந்தது. அதை அணைத்து மீண்டும் போட்டதும் எல்லாம் சரியானது.

"தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்று மாமா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, ஒரு கடையை மூன்றாக்கியவர் அவர். கிள்ளான், பந்திங், கோல சிலாங்கூர் ஆகிய மூன்று இடங்களிலும் கடை. இனி இப்படி நடக்கக்கூடாது என்று, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு ஒரு விநியோகிப்பாளரிடம் விலை கேட்டார். வந்த கொட்டேஷனில் "50 சாதனங்களுக்கு ஓராண்டு உரிமம்" என்று ஒரே வரி. தொகை, ஒரு கடையின் மூன்று மாத வாடகை.

அதைப் படம் பிடித்துப் புலனத்தில் எனக்கு அனுப்பினார். "நீதான் படிச்ச பிள்ளை, இது என்னன்னு கொஞ்சம் பாரும்மா."

நான் படித்தது தமிழ். ஆனாலும் விடவில்லை. இத்துறையில் வேலை செய்யும் நண்பர்களைக் கேட்டேன். நிறுவனங்களின் உரிம விதிகளையும் படித்துப் பார்த்தேன். அப்படித் தெரிந்துகொண்டது மாமாவுக்கு மட்டுமல்ல. கிளினிக், டியூஷன் நிலையம், லாரி கம்பெனி என்று இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

இது பெரட்டு மாதிரி

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு எப்படி நடக்கும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். பெயர் கூப்பிடுவார்கள். பதில் வந்தால் ஆள் இருக்கிறார். பதில் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள்.

கண்காணிப்பு மென்பொருள் செய்வதும் இதுதான். ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டர், சுவிட்ச், கல்லாக் கணினி என ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி போகும்.

பெரட்டோடு நிற்காமல், உடல்நிலையும் விசாரிக்கும். எஸ்.என்.எம்.பி. என்ற பொது மொழி 1988 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் வழியாக, இணைய வழியில் எவ்வளவு போக்குவரத்து, கணினித் தட்டில் எவ்வளவு இடம் மிச்சம், சாதனம் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். ஆகவே, நின்றுபோன பிறகு மட்டுமல்ல, நிற்கப்போகிறது என்பதையும் சில நேரம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

நாள் கூலியா, எடைக் கூலியா?

தோட்டத்தில் ஒரே வேலைக்கு நாள் கணக்கில் கூலி போட்டால் ஒரு தொகை, எடைக் கணக்கில் போட்டால் வேறு தொகை. இந்த மென்பொருளின் விலையிலும் அதே கதைதான். விலையை முடிவு செய்வது, நிறுவனம் எதை எண்ணுகிறது என்பதே. முக்கியமாக நான்கு வகைக் கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது, சாதனக் கணக்கு. ஒரு ரவுட்டர் ஒன்று, ஒரு சுவிட்ச் ஒன்று. அந்தச் சாதனத்தில் எத்தனை விஷயங்களைக் கவனித்தாலும் கணக்கு ஒன்றுதான். மேனேஜ்எஞ்சினின் ஆப்மேனேஜர் இப்படித்தான் எண்ணுகிறது. மேனேஜ்எஞ்சின், ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனத்தின் ஒரு பிரிவு. தென்காசி மாவட்டத்தில் கிராமத்து அலுவலகம் நடத்தும் அதே ஜோஹோதான். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்களுடைய தொழிலே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். 2009இல்தான் பெயர் ஜோஹோ என்று மாறியது.

இரண்டாவது, சென்சார் கணக்கு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலுள்ள பெஸ்லர் நிறுவனத்தின் பி.ஆர்.டி.ஜி. இந்த வகை. இங்கே சென்சார் என்பது ஒரு கருவி அல்ல, ஒரு கேள்வி. 'ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா' என்பது ஒரு சென்சார். 'அதன் வழியாக எவ்வளவு போக்குவரத்து' என்பது இன்னொன்று. ஒரு சாதனத்துக்கு ஐந்து முதல் பத்து சென்சார் வரை ஆகலாம்.

மூன்றாவது, வாசல் கணக்கு. ஒரு சுவிட்சில் கம்பி செருகும் வாசல்கள் 24 இருந்தால், கவனிக்கும் ஒவ்வொரு வாசலும் கணக்கில் வரும். சோலார்விண்ட்ஸின் நெட்வொர்க் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் நீண்ட காலமாகச் சாதனம், வாசல், வட்டுப் பகுதி மூன்றையும் தனித்தனியாக எண்ணி, எது அதிகமோ அதற்கேற்ற உரிமத்தை வாங்கச் சொல்லி வந்தது. அதே நிறுவனத்தின் புதிய தொகுப்புகள் சாதனக் கணக்கில் வருகின்றன.

நான்காவது, மாதக் கணக்கு. டேட்டாடாக் போன்ற இணையவழிச் சேவைகள், கண்காணிக்கும் ஒவ்வொரு கணினிக்கும் மாதம் இவ்வளவு என்று வாங்குகின்றன. கணினி கூடினால் அந்த மாதப் பில்லும் கூடும். நம் கடைகளைவிட, பெரிய கணினி நிலையங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களுக்கு ஏற்ற முறை இது.

கடையை எண்ணிப் பார்த்தோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு கடையில் ரவுட்டர் 1, சுவிட்ச் 1, வைஃபை பெட்டி 2, மறைக்காணிப் பதிவுப் பெட்டி 1, மறைக்காணி 8, கல்லாக் கணினி 3. மொத்தம் 16. மூன்று கடைக்கு 48. கொட்டேஷனில் இருந்த 50 எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

இதே 48 சாதனங்களைச் சென்சார் கணக்கில் போட்டால் 240 முதல் 480 வரை ஆகும். வாசல் கணக்கில், 24 வாசல் சுவிட்சுகள் மூன்றுக்கு மட்டுமே 72. கடை ஒன்றுதான், கணக்கு மட்டும் மூன்று விதம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன்: "இது நின்னுபோனா வியாபாரம் நிக்குமா மாமா?"

மறைக்காணி ஒன்று நின்றால் வியாபாரம் நிற்காது. கேமரா துண்டிக்கப்பட்டால் பெரும்பாலான பதிவுப் பெட்டிகள் தாமே எச்சரிக்கும். வைஃபை பெட்டி நின்றால் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். ரவுட்டர், சுவிட்ச், பதிவுப் பெட்டி, மூன்று கல்லாக் கணினிகள் ஆகிய ஆறை மட்டும் வைத்துக்கொண்டோம். மூன்று கடைக்கு 18.

சென்சார் கணக்கிலும் போட்டுப் பார்த்தோம். ரவுட்டருக்கு மூன்று கேள்வி, சுவிட்சுக்கு இரண்டு, பதிவுப் பெட்டிக்கு இரண்டு, கல்லாக் கணினிக்குத் தலா ஒன்று. கடைக்குப் பத்து, மொத்தம் முப்பது. பி.ஆர்.டி.ஜி. 100 சென்சார் வரை இலவசமாகவே பயன்படுத்தத் தருகிறது.

மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எதுக்கு அம்பது?" என்றார்.

விநியோகிப்பாளர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவரிடம் 'கடை முழுக்க' என்று கேட்டார்கள். அவரும் கடை முழுக்க எண்ணினார்.

சொந்தமா, வாடகையா?

அடுத்து வருவது, பணம் கட்டும் முறை. முன்பெல்லாம் உரிமத்தை ஒருமுறை வாங்கினால் சொந்தம். புதிய பதிப்புக்கும் உதவிக்கும் மட்டும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். உரிமத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பது இத்துறையில் வழக்கமான அளவு. இப்போது பல நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவுக்கு மாறிவிட்டன. சந்தாவை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சொந்த உரிமம் 100 ரிங்கிட், முதலாண்டுப் பராமரிப்பு அதிலேயே அடக்கம், பிறகு ஆண்டுக்கு 20. சந்தா என்றால் ஆண்டுக்கு 50. முதலாண்டில் சந்தாதான் மலிவு. மூன்றாண்டு முடிவில் 140க்கு 150 என்று நெருங்கிவிடும். ஐந்தாண்டில் 180க்கு 250. ஆகவே கொட்டேஷனை ஓராண்டுத் தொகையாகப் பார்க்காமல், ஐந்தாண்டுத் தொகையாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, டாலர். இத்தகைய மென்பொருள்களில் பலவற்றின் விலை அமெரிக்க டாலரில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 4.80 ரிங்கிட் கொடுத்தோம். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அது சுமார் 4.12ஆக இறங்கியது. 1,000 டாலர் உரிமத்துக்கு இந்த ஏழு மாதத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 680 ரிங்கிட். கொட்டேஷன் ரிங்கிட்டில் இருந்தாலும், அடுத்த ஆண்டும் அதே விலைதானா என்று எழுத்தில் கேட்பது நல்லது.

வரியும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் அது 6இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. 4,800 ரிங்கிட்டுக்கு 384 ரிங்கிட் வரி. கொட்டேஷனில் சொன்ன விலை வரியோடு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இலவசம் என்றால் சும்மா அல்ல

உரிமக் கட்டணமே இல்லாத மென்பொருள்களும் இருக்கின்றன. அலெக்ஸி விளாடிஷேவ் உருவாக்கிய ஜாபிக்ஸ் 2001இல் வெளிவந்தது. அதை நடத்தும் நிறுவனம் லாட்வியா நாட்டின் ரீகா நகரில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் சாதனம் வைத்தாலும் உரிமக் கட்டணம் இல்லை. பயிற்சி, தொழில்நுட்ப உதவி ஆகியவற்றால்தான் அந்நிறுவனம் சம்பாதிக்கிறது. நாகியோஸ் கோர், லிப்ரெஎன்எம்எஸ் ஆகியவையும் கட்டணமில்லாதவை. நாகியோஸுக்கு எக்ஸ்.ஐ. என்ற கட்டணப் பதிப்பும் தனியாக உண்டு.

ஆனால் அதை நிறுவ ஓர் ஆள் வேண்டும். லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கை எப்போது வரவேண்டும், யாருக்கு வரவேண்டும் என்று சரிப்படுத்த நாள் கணக்கில் வேலை இருக்கும். சரிப்படுத்தாவிட்டால் நள்ளிரவில் முப்பது செய்தி வரும். மூன்றாம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள். உரிமத்துக்குக் கொடுக்காத பணத்தை ஆளுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அந்த ஆள் நம் வட்டாரத்துப் பிள்ளையாக இருந்தால், பணம் இங்கேயே நிற்கும். பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் ஒரு பழைய கணினியில் ஜாபிக்ஸை ஏற்றிப் பழகலாம். பழகுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

உரிமத்தை உடைத்த திருட்டுப் பதிப்பு மட்டும் வேண்டாம். கடையின் எல்லாச் சாதனங்களின் கடவுச்சொல்லும் இந்த மென்பொருளிடம் இருக்கும். 2020இல் சோலார்விண்ட்ஸின் முறையான மேம்பாட்டுக் கோப்பிலேயே ஊடுருவிகள் கை வைத்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். நல்ல வழியில் வந்ததற்கே அந்த நிலை என்றால், யாரோ உடைத்துக் கொடுத்ததை எப்படி நம்புவது?

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

1. நீங்கள் எண்ணுவது சாதனத்தையா, சென்சாரையா, வாசலையா?

2. எண்ணிக்கை ஒன்று கூடினால் என்ன ஆகும்? அடுத்த பெரிய உரிமத்துக்குத் தாவ வேண்டுமா?

3. இது சொந்தமா, சந்தாவா? பணம் கட்டாவிட்டால் மென்பொருள் நின்றுவிடுமா?

4. ஐந்தாண்டுக்கு, வரியும் நிறுவும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

5. முதலில் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாமா? பல நிறுவனங்கள் 30 நாள் தருகின்றன.

6. கண்காணிக்கும் கணினி எங்கே இருக்கும்?

ஆறாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்காணிக்கும் கணினி கிள்ளான் கடையிலேயே இருந்து, அந்தக் கடையின் ரவுட்டரே நின்றுபோனால், எச்சரிக்கைச் செய்தி வெளியே போக வழியில்லை. காவல்காரரையும் சேர்த்து உள்ளே பூட்டிய கதை ஆகிவிடும். கணினி கடைக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கிருந்து கடைகளுக்குப் பாதுகாப்பான இணைப்பும் அமைக்க வேண்டும். அதற்கும் கூலி உண்டு.

மாமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே விநியோகிப்பாளரிடம் போனார். 18 சாதனம் என்றதும், இதற்கு உரிமம் வாங்கவே தேவையில்லை, நிறுவும் கூலியும் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்கும் கட்டணமும் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். மாமா பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். மாமா வீட்டில் சும்மா கிடந்த கணினி ஒன்று இப்போது மூன்று கடைகளையும் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் கோல சிலாங்கூர் கடையில் மின்சாரம் போனது. அடுத்த நிமிடமே மாமாவின் கைப்பேசி ஒலித்தது. அவர் கடைக்கு அழைத்தபோது, எடுத்த பையன் கேட்டானாம்: "முதலாளி, உங்களுக்கு அதுக்குள்ள யார் சொன்னா?"