அங்கவீனமும் நூற்றுவீதமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் படைவீரர் புதியவரல்லர். 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்தபோது பிரித்தானியக் கடற்படை இருந்தது. 1957 இல் அது தளத்தை ஒப்படைத்துச் சென்றது. 1990 மார்ச் 24 ஆந் திகதி இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவும் இத்துறையிலேயே கப்பலேறிற்று. அப்படை குறித்து எம்மவர் நெஞ்சிலுள்ள கசப்பு வேறு விடயம். காயத்தோடோ நோயோடோ ஊர் திரும்பும் இந்தியச் சிப்பாயின் ஊனத்துக்கு அரசு எவ்வாறு அளவு கட்டுகின்றது என்பதை இங்கு விளக்க முனைகின்றோம். துறைமுகத்திற் பொதி சுமக்கும் எம்மூரவர்க்கும் அதிற் கற்க வேண்டியது உண்டு.

இந்தியப் படையினரின் அங்கவீன ஓய்வூதியம் இரு வினாக்களிலே தங்கியுள்ளது. ஊனம் சேவையால் உண்டாயிற்றா, அன்றிச் சேவையால் மிகுந்ததா என்பது ஒன்று. அது நூற்றுக்கு எத்தனை என்பது மற்றொன்று. இரண்டையும் ஆராய்ந்து எழுதுவது வைத்திய சபை. முதல் வினாவுக்கு ‘இல்லை’ என எழுதப்பட்டால் இரண்டாவதற்கு எத்துணைப் பெரிய எண் கிடைத்தும் பயனில்லை. குண்டினாற் காலிழந்தவனுக்குக் காலே சாட்சி. வலிப்பும் மனநோயும் கண்டவனுக்கு எது சாட்சி?

எண்ணிலும் ஒரு வாசற்படி உண்டு. பழைய விதிப்படி 20 இற்குக் குறைந்தால் அங்கவீனப் பங்கு இல்லை. நூற்றுக்கு நூறு ஊனமெனில் கடைசிச் சம்பளத்தில் 30 வீதம். ஊனம் குறையுமளவுக்கு அதுவுங் குறையும். ஆகவே 20 எனின் 6 வீதமே. ஆனால் 1996 முதல் உடற்குறையால் விலக்கப்பட்டோர்க்கு 50 இற்குக் குறைந்த எண்ணை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கொள்ள விதியாயிற்று. அதனால் 20 பெற்றவன் 15 வீதத்துக்கு உரியவனானான். பழைய விதியில் 19 பெற்றவனுக்கோ அங்கவீனப் பங்கு இல்லை. ஓரெண்ணுக்காக ஒருவன் பல்லாண்டு அலைவதன் காரணம் இப்போது விளங்கும். (அமெரிக்காவிற் கணக்கு இன்னும் விசித்திரமானது. 50 உம் 30 உம் சேர்ந்தால் அங்கு 80 அன்று. எஞ்சிய ஐம்பதில் 30 வீதமான 15 ஐ மட்டும் கூட்டி 65 ஆக்கி, பின்னர் 70 எனக் கொள்வர்.)

மறுக்கப்பட்டவன் முதலில் மேன்முறையீடு செய்வான். பின்னர் மறுபடியும் செய்வான். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த படையினர் நியாயசபைக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. அதன்பின் உச்ச நீதிமன்றம். 1985 இற் சேர்ந்து, 1994 இல் வலிப்புநோயால் அனுப்பப்பட்ட சிப்பாய் ஒருவனுக்கு வைத்திய சபை 20 எழுதிற்று. நோய் சேவையோடு தொடர்பற்றது எனவும் எழுதிற்று. அவனுக்கு இறுதித் தீர்ப்பு 2013 ஜூலையிலேயே கிடைத்தது. சேர்த்துக்கொண்ட நாளில் உடற்குறை எதுவும் பதியப்படாவிடின், பின்வந்த நோய் சேவையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அன்று என்போரே காரணங் காட்ட வேண்டும் என நீதிமன்றம் கூறியது. பத்தொன்பது ஆண்டுகளின் பின் அவனைக் காத்தது, அன்று வெறுமையாக விடப்பட்ட ஓரிடமே! 2023 செப்டெம்பர் 21 முதற் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளமையால் மேற்கூறியவை அதற்கு முன் விலகியோர்க்கே பொருந்தும்.

எமது நாட்டிற் பொதி சுமப்போர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. அதன் அட்டவணையும் உறுப்புகளின் இழப்பை நூற்றுவீதத்தால் அளக்கின்றது. நட்டஈட்டின் உச்ச எல்லை 2005 இல் ஐந்தரை இலட்சம் ரூபாவாகவும், 2022 இல் இருபது இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. எனினும் விபத்தை இயன்ற விரைவில் முதலாளிக்கு அறிவித்தல் வேண்டும். இதனை அறியாதோர் பலர்.

எம் பழைய மாணவருள் வைத்தியரும் வழக்கறிஞரும் கிராம அலுவலரும் உளர். கை நசுங்கிய ஒருவன் அவர்களிடம் வருவானாயின், வீதக் கணக்கைப் பின்னர் பார்க்கலாம். விபத்து எங்கே, எந்த வேலையின்போது நேர்ந்தது என்பது வைத்தியசாலையின் முதல்நாட் சீட்டில் எழுதப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.