தோப்பூருக்குப் பணம் எப்போது வந்தது?

மதுரை திருநகரைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் தோப்பூர். அங்கே எய்ம்ஸ் மருத்துவமனை வரும் என்று 2018 ஜூனில் அறிவிப்பு வந்தபோது இந்தப் பக்கத்து மக்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது. பெரிய சிகிச்சை என்றால் ராமநாதபுரம், விருதுநகர், தேனி, சிவகங்கை மக்களும் மதுரை பெரியாஸ்பத்திரியைத்தான் தேடி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு மருத்துவமனையின் அருமை தெரியும்.

அதற்குள்ளேயே மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் என்று 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. செங்கல்பட்டு, பெருந்துறை, செங்கிப்பட்டி, புதுக்கோட்டை, தோப்பூர் என்று ஐந்து இடங்களுக்கு நடுவே இழுபறி நீடித்தது.

2018 டிசம்பர் 17 அன்று மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 45 மாதங்களில் எல்லாம் முடியும் என்றது கணக்கு. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் நரேந்திர மோடி மதுரைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு அப்போது மூன்று மாதம்கூட இல்லை.

அன்றைக்குக் கட்டடம் கட்டும் பணம் கையில் இல்லை. மற்ற மாநில எய்ம்ஸ்கள் பெரும்பாலும் மத்திய அரசின் சொந்த நிதியில் எழுந்தவை. மதுரைக்கோ ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்குவது என்று முடிவானது. அந்தக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில், அதாவது கல் நாட்டி இரண்டு ஆண்டு இரண்டு மாதம் கழித்து. இதற்கிடையில் செலவு 1,977 கோடியாக ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடன். ஜைக்கா கடன் வாங்குவதில் தவறே இல்லை. சென்னை மெட்ரோ ரயிலும் அந்தக் கடனில்தான் ஓடுகிறது. ஆனால் வெளிநாட்டுக் கடன் என்றால் ஆய்வு, வடிவமைப்பு, டெண்டர் என்று ஒவ்வொரு படியிலும் காலம் பிடிக்கும். அமைச்சரவையின் 45 மாதக் கணக்கில் கட்டுமானத்துக்கு முந்தைய வேலைகளுக்கு ஒதுக்கியிருந்தது வெறும் 10 மாதம். அந்தக் கணக்கு நடக்கக் கூடியதாக இல்லை.

வித்தியாசத்தை ஜம்முவில் பார்க்கலாம். விஜய்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரி 3, மதுரைக்கு ஒரு வாரம் பிந்தி. அது 2024 பிப்ரவரி 20 அன்று திறக்கப்பட்டது. தோப்பூரில் கட்டுமானம் தொடங்கியதே அதற்கு அடுத்த மாதம்தான். தமிழ்நாடு மட்டும் காத்திருந்தது என்றும் சொல்ல முடியாது: அதே 2015 பட்ஜெட்டில் பீகாருக்குச் சொன்ன எய்ம்ஸுக்கு 2024 நவம்பரில்தான் தர்பங்காவில் அடிக்கல் விழுந்தது.

தாமதம் தேர்தல் மேடைக்குத் தீனியானது. 2021 சட்டமன்றத் தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் இதுதான் எய்ம்ஸ் என்று ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். 2022 செப்டம்பரில் மதுரை வந்த பாஜக தலைவர் ஜே.பி. நட்டா 95 சதவீத வேலை முடிந்துவிட்டதாகப் பேசினார். 45 மாதக் கெடு முடிந்ததும் அதே மாதம்தான். மறுநாள் எம்.பி.க்கள் சு. வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் தோப்பூரில் போய் நின்றபோது கட்டடம் எதுவும் இல்லை. முன்தயாரிப்பு வேலைகளைத்தான் நட்டா சொன்னார் என்று பாஜகவினர் விளக்கம் தந்தார்கள். இதில் வதைபட்டவர்கள் மாணவர்கள். 2022இல் சேர்ந்த முதல் 50 பேர், சொந்த வளாகம் இல்லாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பைத் தொடங்கினார்கள்.

மாநில அரசின் வாக்குறுதியையும் இதே கேள்வியோடு பார்க்க வேண்டும். 2023 பட்ஜெட்டில் மதுரை மெட்ரோ ரயிலுக்கு 8,500 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை போகும் அந்தத் தடத்தில் தோப்பூரும் திருநகரும் உண்டு. 2025 நவம்பரில் மத்திய அரசு, மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்று திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. இந்த 20 லட்ச வரம்பு 2017 மெட்ரோ கொள்கையிலேயே இருக்கிறது. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் தளர்த்திய விதியை மதுரைக்கு ஏன் தளர்த்தவில்லை என்ற தமிழ்நாட்டின் வாதம் நியாயமானது. ஆனாலும் இப்படி ஒரு தடை நிற்கிறது என்பதை அறிவித்த நாளிலேயே மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வைக்க வழி இருக்கிறது. 2013 ஜூலையில், தேர்தல் இலவசங்கள் பற்றிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஏற்று, தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்சிகள் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. 2022 அக்டோபரில் ஒரு படி மேலே போய், செலவையும் வருவாயையும் நிரப்பித் தர ஒரு படிவத்தையே முன்மொழிந்தது. பல கட்சிகள் எதிர்த்தன. 2024 மக்களவைத் தேர்தல் அந்தப் படிவம் இல்லாமலே நடந்தது. அது நடைமுறைக்கு வர வேண்டும். அடிக்கல் விழாக்களுக்கும் அதை விரித்து, நிதி கடன் என்றால் ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தானது என்று எழுத ஒரு கட்டத்தையும் சேர்க்க வேண்டும்.